அடுத்த சிக்னலில் பார்க்கலாம்

உங்கள் வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு கையகல இடம் இருந்தது. அது பாதை என்று உங்களுக்குத் தெரியாது. பின்னால் வந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அந்த இடத்தில் நுழைந்து, உங்கள் பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, முன்னால் போன பேருந்துக்கும் லாரிக்கும் இடையே ஊசியில் நூல் கோப்பதுபோலப் புகுந்து மறைந்துவிட்டார். நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டு, மனசுக்குள் நாலு வார்த்தை சொல்லி, உங்கள் வேகத்திலேயே ஓட்டி அடுத்த சிக்னலுக்கு வருகிறீர்கள். அங்கே அவர் நிற்கிறார். உங்களுக்கு நேர் பக்கத்தில். இருவரும் சிவப்பு விளக்கையே உற்றுப் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது நாகரிகமில்லை.

பெருநகரத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். எந்த நாட்டுக்காரரிடம் கேட்டாலும் "எங்கள் ஊர் டிராஃபிக் மாதிரி மோசமானது உலகத்திலேயே கிடையாது" என்பார். சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமையும் எட்டிப் பார்க்கும். முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலோ வளர்ப்பு சரியில்லை, பண்பாடு இல்லை, திமிர் என்று காரணங்கள் வரிசை கட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திமிர் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பங்கு கணக்குப் பிழை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சாலை ஒன்று. அதே சாலையை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரிவது வேறொன்று. இருக்கையிலிருந்து தெரிவதை நம்பிப் போடும் கணக்கு தப்பாகவே வரும். போட்டவருக்கு மட்டும் அதில் சந்தேகமே வராது.

முதலில் நேரக் கணக்கு. இரண்டு சிக்னல்களுக்கு இடையே அரை கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அதை 45 நொடியில் கடப்பார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 60-இல் போகிறவர் 30 நொடியில் கடப்பார். லாபம் 15 நொடி. அந்த 15 நொடியை அவர் எங்கே செலவழிப்பார்? சிவப்பு விளக்கின் முன்னால். பல நகரங்களில் ஒரு நீளமான சாலையின் சிக்னல்களை ஒன்றோடொன்று இணைத்து, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வருகிறவருக்கு அடுத்தடுத்துப் பச்சை கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 'பச்சை அலை' என்று அதற்குப் பெயர். அந்த வேகத்தைத் தாண்டிப் பறக்கிறவருக்குக் கிடைப்பது ஒவ்வொரு சிக்னலிலும் முதல் ஆளாக வந்து நிற்கும் கௌரவம் மட்டும்தான்.

சிக்னலே இல்லாத சாலையாக இருந்தால்? பத்து கிலோமீட்டர் தூரத்தை 40-க்குப் பதில் 50-இல் போனால் மூன்று நிமிடம் மிச்சமாகும். அதே தூரத்தை 80-க்குப் பதில் 90-இல் போனால் மிச்சம் 50 நொடிதான். வேகம் ஏற ஏற, கூடுதலாக மிதிப்பதால் வரும் லாபம் தேய்ந்துகொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான் இது. இருந்தாலும் மனசு இரண்டையும் ஒரே பத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவர் இன்னும் கொஞ்சம் மிதித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று நம்புகிறார், ஊர்ந்துகொண்டிருப்பவர் நம்பிக்கையிழந்து போனைப் பார்க்கிறார்.

அப்புறம் பக்கத்து லேன். நாம் நிற்கும் வரிசை நகராது, பக்கத்து வரிசை நகரும். சரி என்று அங்கே மாறினால், நாம் விட்டுவந்த வரிசை ஓட ஆரம்பிக்கும். தலையெழுத்து என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதவர்கள் இருவர்: டொனால்ட் ரெடல்மயர் என்ற கனடா மருத்துவரும், ராபர்ட் டிப்ஷிரானி என்ற புள்ளியியலாளரும். 1999-இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை, பக்கத்து லேன் ஏன் எப்போதும் வேகமாகப் போவதுபோலத் தெரிகிறது என்பதைப் பற்றியது. இரண்டு லேன்களும் சராசரியாக ஒரே வேகத்தில் போகின்றன என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பத்து வண்டிகளைத் தாண்டும்போது அவை நெருக்கியடித்து ஊர்ந்துகொண்டிருக்கும். சில நொடிகளில் தாண்டிவிடுவீர்கள். உங்களைப் பத்து வண்டிகள் தாண்டும்போது அவை வேகத்தில் இருப்பதால் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக, ஆற அமரத் தாண்டும். தாண்டிய எண்ணிக்கையும் தாண்டப்பட்ட எண்ணிக்கையும் சமம். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் நேரம் ஜெயித்துக்கொண்டிருக்கும் நேரத்தைவிட அதிகம். போதாததற்கு, நாம் ஜெயித்த வண்டிகள் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். நம்மை ஜெயித்தவை கண்ணெதிரே, சாவகாசமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்கள் ஒரு படத்தையும் போட்டுக் காட்டினார்கள். அதில் பக்கத்து லேன் உண்மையில் சற்று மெதுவாகத்தான் போனது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதுதான் வேகமாகப் போகிறது என்றார்கள், வாய்ப்புக் கிடைத்தால் அங்கே மாறிவிடுவோம் என்றும் சொன்னார்கள். பழகும்போதே இப்படி.

லேன் மாறுவதில் நேர லாபம் இல்லை என்பதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. மாறுகிறவர் நுழையும் இடத்துக்குப் பின்னால் இருப்பவர் பிரேக்கைத் தொட வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். அவருக்கும் பின்னால் இருப்பவர் பதறிப்போய் அழுத்துகிறார். இப்படியே போய், கடைசியில் அரை கிலோமீட்டர் பின்னால் வருகிற, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத ஒருவர் முழுசாக நின்றுவிடுகிறார். எதனால் நின்றோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இருபது நிமிடம் ஊர்ந்து, முன்னால் ஏதோ விபத்து என்று கழுத்தை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லாமல் சாலை சட்டென்று விரியும்போது வருகிற ஏமாற்றம் இருக்கிறதே! ஒரு லாரியாவது பழுதாகி நின்றிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றிவிடும். அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருக்கும்.

இந்தக் காரணமில்லாத நெரிசலை ஜப்பானிய ஆய்வாளர்கள் கையால் செய்தே காட்டினார்கள். நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவின் குழு 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகிறவரோடு பத்திரமான இடைவெளி விட்டு ஓட்டுங்கள் என்றது. சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, குழி இல்லை, குறுக்கே ஓடுகிறவர் இல்லை. முந்தவும் வழியில்லை. முந்தினாலும் வட்டத்தில் முதல் இடம் என்று ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு யாரோ ஒருவர் ஒரு நூலளவு வேகம் குறைத்தார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. நின்ற கூட்டம், கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 2008-இல் இந்த ஆய்வு வெளியானது. நல்லவர்கள் 22 பேர் நல்லபடியாக ஓட்டியே இந்த நிலைமை என்றால், கட் அடிக்கிறவர்களும் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் கலந்த சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒட்டிக்கொண்டு வருகிறவர் தனி ரகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகரும். எதிரில் நடப்பதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்கு வர மனிதர்களுக்கு ஒரு நொடியாவது ஆகும், பெரும்பாலும் அதற்கு மேலேயே ஆகும். ஐந்து மீட்டர் இடைவெளியில் வருகிறவர் தனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் அவகாசம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவரைப் பொறுத்தவரை தான் உங்களைச் சீக்கிரம் போகச் சொல்கிறார். நீங்களோ உங்களுக்கு முன்னால் போகிற நாற்பது வண்டிகளையும் கடந்து எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, சிக்னலுக்கு வருவோம். போக்குவரத்து சிக்னலின் வரலாறே கொஞ்சம் கோபத்தோடுதான் தொடங்குகிறது. 1868 டிசம்பரில் லண்டனில், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், எரிவாயு விளக்கோடு கூடிய முதல் சிக்னலை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் கையால் இயக்க வேண்டும். அடுத்த மாதமே எரிவாயுக் கசிவால் அது வெடித்து, இயக்கிக்கொண்டிருந்தவருக்குக் காயம் பட்டது. சிக்னலைப் பார்த்து மனிதர்கள் வெடிக்கிற காலம் வருவதற்கு முன்பே சிக்னல் முந்திக்கொண்டது.

இன்றைக்கு வெடிப்பு பச்சை விழுந்த மறுகணம் நடக்கிறது. பதினைந்தாவது வண்டியில் இருப்பவர் பச்சை தெரிந்ததும் ஹாரன் அடிக்கிறார். முதல் வண்டிக்காரர் கியரைப் போட்டு நகர ஓரிரு நொடி. அவர் நகர்ந்த பிறகுதான் இரண்டாமவர் நகர முடியும், அதன் பிறகுதான் மூன்றாமவர். நகர்வு என்பது ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் பரவி வர வேண்டிய ஒன்று. வண்டிக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் பதினைந்தாவது வண்டிக்கு அது வந்து சேரக் கால் நிமிடம் ஆகும். அதுவரை யார் அடித்தாலும், எவ்வளவு நேரம் அடித்தாலும் நடக்கப்போவது ஒன்றுமில்லை. அவர் ஹாரன் அடிப்பது முன்னால் இருப்பவரைப் பார்த்து அல்ல, இயற்பியலைப் பார்த்து.

இதே காரணத்தால், சிவப்பில் நிற்கும்போது முன்வண்டியின் பம்பரை முத்தமிடும் அளவுக்கு நெருங்கி நிற்பதிலும் பலன் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் போரெய்கோ, ஃபர்சாத் அகமதி என்ற இருவர் பத்துக் கார்களை ஒரு சிக்னலில் வெவ்வேறு இடைவெளிகளில் நிற்கவைத்து, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். 25 அடி வரைக்கும் இடைவெளி விட்டு நின்றவர்கள் சிக்னலைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரமும், ஒட்டி நின்றவர்கள் எடுத்துக்கொண்ட நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒட்டி நின்றவர் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தார், வாஸ்தவம். ஆனால் முன்வண்டி நகர்ந்து பத்திரமான தூரம் போகும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-இல் வெளியான முடிவு இது. இதைப் படித்த பிறகும் நான் நெருங்கித்தான் நிற்கிறேன், ஏனென்றால் 25 அடி இடம் விட்டால் அதில் இன்னொருவர் வந்து குறுக்காக நின்றுவிடுவார்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ, மஞ்சள் என்றால் பற. இதில் மட்டும் ஓட்டுநரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. 1960-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மூன்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு எழுதினார்கள்: மஞ்சளின் நேரத்தைச் சரியாக அமைக்காவிட்டால், கோட்டுக்கு முன்னால் ஒரு துண்டுச் சாலையில் இருக்கும் வண்டியால் பத்திரமாக நிற்கவும் முடியாது, சிவப்பு விழுவதற்குள் கடக்கவும் முடியாது. அதற்கு 'தர்மசங்கட மண்டலம்' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். அந்த மண்டலத்தில் மாட்டியவர் பாவம். ஆனால் அந்த மண்டலத்துக்கு இருநூறு மீட்டர் பின்னால் வரும்போதே மஞ்சளைப் பார்த்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவருக்கு எந்த தர்மசங்கடமும் கிடையாது.

இனி ஹாரன். ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு முழு மொழியையும் பேசிவிடும் கருவி உலகத்தில் வேறு இல்லை. சின்னதாக ஒன்று தட்டினால் 'நான் வருகிறேன்'. இரண்டு தட்டினால் 'நன்றி'. கொஞ்சம் நீட்டினால் 'கண் தெரியவில்லையா?' இன்னும் நீட்டினால் எதிராளியின் குடும்பத்தைப் பற்றிய விசாரணை. எதற்குமே சம்பந்தமில்லாமல், காலியான சாலையில், பழக்கதோஷத்தில் அடிக்கிறவர்களும் உண்டு. அது ஒரு மாதிரி முனகல், அல்லது தான் இன்னும் இருக்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்வது. கண்டுபிடித்தவர்கள் ஆபத்து எச்சரிக்கைக்காகத்தான் இதைப் பொருத்தினார்கள். இன்றைக்கு உண்மையான ஆபத்து வந்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும், ஒரு காலும் பிரேக்கில் இருக்கும், ஹாரனுக்கு நேரமே இருக்காது.

நாம் யாரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறோம் என்பது இன்னும் சுவாரசியம். ஆண்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் செய்து 1968-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிக்னலில் முதல் ஆளாக ஒரு காரை நிறுத்துவார்கள். பச்சை விழுந்த பிறகும் நகர மாட்டார்கள். பின்னால் நிற்பவர் 12 நொடிக்குள் ஹாரன் அடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். சில தடவை புத்தம்புதிய ஆடம்பரக் கார், சில தடவை பழைய, அழுக்கான கார். ஆடம்பரக் காருக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர்தான் ஹாரன் அடித்தார்கள். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதம் பேர் அடித்தார்கள். இரண்டு பேர் ஹாரனோடு நேரத்தை வீணாக்காமல் பழைய காரின் பம்பரில் நேரடியாகவே இடித்தார்கள்! பிறகு, இதே நிலைமையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஆடம்பரக் காரைப் பார்த்துத்தான் இன்னும் சீக்கிரம் அடிப்போம் என்று ஆண்கள் வீரமாக எழுதிக் கொடுத்தார்கள்.

கோபம் கண்மண் தெரியாமல் வரும் என்பார்கள். சாலையில் அது விலையைப் பார்த்துத்தான் வருகிறது. தன் முகம் தெரியுமா என்பதையும் பார்த்துக்கொள்கிறது. 1995-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மேற்கூரையைத் திறந்து மூடும் வசதியுள்ள வண்டிக்காரர்களின் முன்னால் இதேபோல் ஒரு காரை நிறுத்திப் பார்த்தார்கள். கூரை மூடியிருந்தவர்கள் சீக்கிரம் அடித்தார்கள், நிறைய அடித்தார்கள், நீட்டி அடித்தார்கள். கூரை திறந்திருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள். லிஃப்ட் வாசலில் தெரியாமல் தோளில் இடித்தால் "அடடா, மன்னிக்கணும்" என்கிற அதே மனிதர்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிறார். நடக்கும்போது நமக்கு முகம் இருக்கிறது. ஓட்டும்போது இருப்பது நம்பர் பிளேட் மட்டும்.

2020 ஜனவரி கடைசியில் மும்பை காவல்துறை ஒரு வீடியோவை வெளியிட்டது. சிக்னல் கம்பத்தில் ஒலியளவு மானியைப் பொருத்தி, சிவப்பில் நிற்பவர்கள் அடிக்கும் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி செய்திருந்தார்கள். அடிக்க அடிக்கக் காத்திருக்க வேண்டியதுதான். நியாயமான தண்டனை, ஆனால் அடிக்காமல் இருந்தவரும் சேர்ந்துதான் காத்திருந்தார். சாலையில் அதுவும் வழக்கம்தானே.

இவ்வளவும் அடுத்தவரைப் பற்றி என்றுதான் நீங்கள் இதுவரை படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், உங்கள் ஓட்டும் திறமை மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படி என்று இரண்டு நாட்டினரிடம் கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேரும் ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேரும் தங்களைத் திறமையில் மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் 50 சதவீதத்துக்கு மேல் இடம் இல்லை என்பது ஒரு சின்னச் சிக்கல். இதற்கும் முன்னால், 1965-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைவிட அழகு. விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் படுத்திருந்த 50 ஓட்டுநர்களிடம் அவர்களுடைய திறமையைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் தவறு அவர்கள்மேல்தான் என்று போலீஸ் பதிவே இருந்தது. விபத்தே இல்லாமல் ஓட்டியவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட அதே நல்ல மதிப்பெண்ணைத்தான் கட்டுப்போட்ட கையோடு அவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

இது எப்படி என்றால், நான் கட் அடித்தால் அதற்குக் காரணம் அவசரம். அவர் கட் அடித்தால் அதற்குக் காரணம் அவர். என் அவசரம் எனக்குத் தெரியும், நேரமாகிவிட்டது, ஆள் காத்திருக்கிறார். அவருடைய அவசரம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு பின்பக்கமும் அதில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கரும். அந்த ஸ்டிக்கரைப் பற்றியும் ஆய்வு உண்டு. வண்டியில் ஸ்டிக்கர், அலங்காரம் என்று நிறைய ஒட்டித் தன்னுடையதாக அடையாளப்படுத்துகிறவர்கள் கூடுதலாக முரட்டுத்தனம் காட்டுகிறார்கள் என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டில்லை. 'அன்பே உலகம்' என்று ஒட்டியிருந்தாலும் ஒரு கை தள்ளியே இருப்பது நல்லது.

இண்டிகேட்டரையும் சொல்லாமல் விட முடியாது. கையேட்டின்படி அது தகவல். சாலையின்படி அது போர்த்திட்டத்தை எதிரிக்கு முன்கூட்டியே அனுப்பி வைப்பது. வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்ட மறுகணம் வலப்பக்கம் பின்னால் வருகிறவர் இருக்கிற இடைவெளியை அடைத்துவிடுவார். எனவே விவரமானவர்கள் திரும்பி முடித்த பிறகு போடுகிறார்கள், ஒரு நினைவுச்சின்னம்போல. இதிலிருந்து பிறந்ததுதான் லேன் குறுகும் இடத்தில் நடக்கும் பெரிய தர்மயுத்தம். இரண்டு லேன் ஒன்றாகும் என்று பலகை சொன்னதும் நல்லவர்கள் முன்கூட்டியே ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள். காலியான அடுத்த லேனில் ஒருவர் கடைசிவரை வந்து மூக்கை நுழைப்பார். வரிசையில் நிற்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். இடம் கொடுக்கவே கூடாது என்று முன்வண்டியோடு ஒட்டிக்கொள்வார்கள்.

இதில் வேடிக்கை, இந்த ஒரு விஷயத்தில் அந்த மூக்கு நுழைக்கிறவர் பக்கமே நியாயம். நெரிசலான நேரத்தில் இரண்டு லேனையும் கடைசிவரை பயன்படுத்தி, குறுகும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக்கொள்வதுதான் சிறந்த வழி என்று போக்குவரத்துப் பொறியாளர்கள் சொல்கிறார்கள். வால் பாதி நீளத்தில் அடங்கும், பின்னால் இருக்கும் சந்திப்புகளை அடைக்காது. ஜெர்மனியில் சாலைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பேன்ட் ஜிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே இதற்கும் பெயர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். நான் கடைசிவரை போனால் பொறியியல், அவர் போனால் அயோக்கியத்தனம் என்று மனசு இன்னும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது.

சந்திப்பை அடைத்து நிற்பதற்கு மட்டும் எந்தப் பொறியாளரும் வக்காலத்து வாங்க மாட்டார். பச்சை இருக்கிறது, எதிரே இடம் இல்லை, இருந்தாலும் நம் பச்சையை வீணாக்குவதா என்று நடுச்சந்திப்பில் போய் நிற்கிறோம். குறுக்குச் சாலைக்காரருக்குப் பச்சை விழுகிறது, அவர் எங்கே போவார்? அவர் பின்னால் நீளும் வால் அடுத்த சந்திப்பை அடைக்கிறது. அது அதற்கடுத்ததை அடைக்கிறது. நாலு சந்திப்புகள் ஒரு கட்டமாகப் பூட்டிக்கொண்டால், முதல் வால் சுற்றி வந்து நம் முன்னாலேயே நிற்கும். அதாவது நம்மை நகரவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது நாம்தான், மூன்று தெருவைச் சுற்றி வந்து. 1980-இல் நியூயார்க் போக்குவரத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இதற்கான 'கிரிட்லாக்' என்ற சொல் செய்தித்தாள்கள் வழியே உலகமெங்கும் பரவியது.

ஆளுக்கு ஆள் சரியாகப் போட்ட கணக்கு மொத்தத்தில் தப்பாகும் என்பதை டீட்ரிக் பிராய்ஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968-இல் எழுத்திலேயே நிரூபித்துவிட்டார். புதிதாக ஒரு குறுக்குச் சாலை போட்டால், எல்லோரும் தனக்கு எது சீக்கிரமோ அதைத் தேர்ந்தெடுக்க, கடைசியில் எல்லோருக்கும் முன்பைவிட அதிக நேரம் ஆகும் நிலை வரலாம். சாலை கூடி நேரமும் கூடுகிறது. நம்ப முடியவில்லை என்றால் சியோலைப் பார்க்கலாம். அங்கே நகர நடுவில் தினம் லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் போன ஒரு மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, அடியில் புதைந்திருந்த ஓடையை மீட்டு 2005-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துப் போகும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. அகலப்படுத்திய சாலையோ எதிர்ப்பக்கக் கதை. அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த இரண்டு பொருளியலாளர்கள், சாலை எந்த அளவுக்கு நீள்கிறதோ ஏறத்தாழ அதே அளவுக்கு ஓட்டமும் கூடிவிடுகிறது என்று 2011-இல் எழுதினார்கள். இடம் கிடைத்தால் நிரம்பும். அலமாரியைப் பற்றி இது எல்லோருக்கும் தெரியும், சாலையைப் பற்றி மட்டும் நம்ப மறுக்கிறோம்.

மனிதர்களைத் திருத்த ஒருவர் செய்த வேலை ஒன்று உண்டு. கொலம்பியாவின் போகோட்டா நகரத்துக்கு 1995-இல் மேயராக வந்த அண்டானாஸ் மோக்குஸ் அதற்கு முன் கணிதமும் தத்துவமும் படித்து, பல்கலைக்கழகம் ஒன்றை நடத்தியவர். அபராதத்தைவிடக் கேலிக்குத்தான் மக்கள் பயப்படுவார்கள் என்பது அவர் எண்ணம். முகத்தில் வெள்ளைப் பூச்சோடு ஊமைநடிகர்கள் 20 பேரைச் சாலைச் சந்திப்புகளில் இறக்கிவிட்டார். பாதசாரிக் கோட்டின்மேல் வண்டியை நிறுத்தினால் அந்த நடிகர் வந்து முன்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வார், வண்டியைத் தள்ளுவதுபோல் பாசாங்கு செய்வார், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரோடு சண்டை போடவும் முடியாது, அவர்தான் பேசவே மாட்டாரே! பலன் தெரிந்ததும் இன்னும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கட்டைவிரல் மேல்நோக்கிய படமும் கீழ்நோக்கிய படமும் போட்ட அட்டைகளை லட்சக்கணக்கில் அச்சடித்து மக்களுக்கும் கொடுத்தார்கள், ஹாரனுக்குப் பதில் காட்டிக்கொள்ளட்டும் என்று. இதில் நடந்தது ஒன்றுதான்: காருக்குள் ஒளிந்திருந்தவருக்கு மறுபடி ஒரு முகத்தைக் கொடுத்தார்கள்.

இன்னொரு வழி இயந்திரத்தின் வழி. நகோயாவில் செய்த அதே வட்டச் சோதனையை அமெரிக்க ஆய்வாளர்கள் அரிஸோனாவில், சுமார் 20 கார்களோடு திரும்பச் செய்தார்கள். வழக்கம்போல நின்று போகும் அலை வந்தது. ஆனால் அதில் ஒரே ஒரு கார் கணினி ஓட்டுவது. முன்னால் இடம் விழுந்ததும் பாய்ந்து போய் நிரப்பாமல், சராசரி வேகத்தில் நிதானமாகப் போகும்படி அதை மாற்றியதும் அலை அடங்கிவிட்டது. மற்ற யாருக்கும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒருவர் அவசரப்படாததே போதுமாக இருந்தது. 2018-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு நாள் அந்த ஒரு காராக இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். முன்வண்டியோடு தாராளமாக இடைவெளி விட்டு, பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக ஓட்டினேன். முதல் நிமிடத்தில் அந்த இடைவெளியில் ஒரு கார் நுழைந்தது. மறுபடி இடைவெளி விட்டேன். ஒரு வேன் நுழைந்தது. இன்னொரு முறை விட்டபோது இரண்டு பைக்குகள், இரண்டு பக்கத்திலிருந்தும். வட்டப்பாதையில் செய்த சோதனையில் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னால் வந்தவர் நான் தூங்கிவிட்டேனோ என்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் ஒரே சிக்னலில் போய் நின்றோம், அந்தக் கார், வேன், பைக்குகள், நான். என்னால் எத்தனை பேர் பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்திருப்பார்கள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. 12 நொடி நிச்சயமாக ஆகியிருக்காது. என் கார் பார்வைக்கு அவ்வளவு பழசாகவா இருக்கிறது?